கோபாலை மறக்கச் சொல்லாதீர்கள்

போன சனிக்கிழமை ராத்திரி ஏலகிரி எக்ஸ்பிரஸில் என் அக்கா மகன் வந்து இறங்கினான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் வருகிறவன். சொல்லாமல் கொள்ளாமல் வந்தால் ஏதோ விஷயம் என்று அர்த்தம். சாப்பிட்டு முடிக்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை. கை கழுவிவிட்டு வந்து, "மாமா, என்னை ஜாவா கத்துக்கச் சொல்லிட்டாங்க" என்றான்.

ஜாவா கற்பது ஒரு துக்கமா என்று நீங்கள் சிரிக்கலாம். அவனுக்கு வயது 46. இருபது வருடத்துக்கு மேலாகச் சென்னையில் மெயின்ஃபிரேமில் கோபால் எழுதுகிறவன். அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றின் வேலை. அந்த வேலை முடிகிறது. மூன்று மாதம் அவகாசம், கடைசியில் ஒரு டெஸ்ட். தேறினால் வேறு புராஜெக்ட், தேறாவிட்டால் என்ன என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வீட்டுக் கடன் இன்னும் பதினோரு வருடம் பாக்கி. ஒரு மாதம் ஆன்லைன் பாடம் கேட்டாயிற்று. "எல்லாம் புரியுது மாமா. ஆனா புரோகிராம் எழுத உட்கார்ந்தா கை ஓடல" என்றான்.

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. 2003-ல் இதே வார்த்தையை நான் சொன்னேன்.

பழைய வாசகர்களுக்கு என் கதை தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா ரயில்வேயில் ஏ.எஸ்.எம். நான் ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதிக் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்து 58-ல் ஓய்வு பெற்றவன். தினமும் ஜோலார்பேட்டையிலிருந்து ஆம்பூருக்கு ரயில். சம்பளப் பட்டியல், தோல் இருப்பு, ஆர்டர் கணக்கு எல்லாம் கோபாலில் எழுதினோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீட்டில் நான் பேசுவதைக் கேட்டு அம்மா, "யாருடா அந்த கோபால், எப்பப் பாரு அவனையே திட்டிட்டு இருக்கே?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது கோபால்தான்.

2003-ல் கம்பெனி ஜாவாவுக்கு மாறப்போவதாக அறிவித்தது. எனக்கு அப்போது இவனுடைய வயதுதான். வேலூரில் ஒரு பயிற்சி மையத்தில் மாலை வகுப்பில் சேர்ந்தேன். என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் என் மகள் வயதுப் பிள்ளைகள். முதல் நாள் வாத்தியார் போர்டில் எழுதினார்: விலங்கு ஒரு கிளாஸ். நாய் ஒரு விலங்கு. பூனை ஒரு விலங்கு. நாய் குரைக்கும், பூனை கத்தும். இதுதான் ஆப்ஜெக்ட் ஓரியண்டட்.

பிள்ளைகள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். மறுநாள் ஆபீஸில் உட்கார்ந்தால் என் முன்னால் நாயும் இல்லை, பூனையும் இல்லை. சம்பளம் இருந்தது, பி.எஃப். இருந்தது, பதனிட்ட தோல் எத்தனை சதுர அடி என்ற கணக்கு இருந்தது. இவற்றில் எது குரைக்கும்?

எனக்குத் தெரிந்த வழியில் எழுதினேன். ஒரே கிளாஸ், 1,800 வரி. எல்லா மாறிகளும் மேலே பொதுவில். கீழே ஒன்றன்பின் ஒன்றாக ஸ்டாட்டிக் மெத்தடுகள். வேலை செய்தது, விடையும் சரியாக வந்தது. கம்பெனி வெளியிலிருந்து அழைத்து வந்திருந்த 25 வயதுப் பையன் அதைப் பார்த்துவிட்டு, மரியாதையாகத்தான், "சார், இது ஜாவா டிரஸ் போட்ட கோபால்" என்றான். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அன்று ரயிலில் வீடு திரும்பும்போது விண்ணமங்கலம் வந்ததும் தெரியவில்லை, வாணியம்பாடி போனதும் தெரியவில்லை.

என்னோடு வேலை பார்த்த ஒருவர், பெயர் வேண்டாம், எங்கள் எல்லோரிலும் கெட்டிக்காரர். கம்பெனியின் மொத்தக் கணக்கும் அவர் தலைக்குள் இருந்தது. ஆறு மாதம் முயன்று பார்த்துவிட்டு ராஜினாமா செய்தார். திருப்பத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்தார். "கோபால் படிச்சவன் மூளை இதுக்கு ஆகாதுன்னு சொல்றாங்களே, சரிதான்போல" என்று என்னிடம் சொன்னார். அவர் மூளைக்கு ஒன்றும் இல்லை, சொல்லிக்கொடுத்த முறைதான் கோளாறு என்பது என் கட்சி. அப்போது அதை எடுத்துச் சொல்ல எனக்கே விளங்கவில்லை. இருபது வருடம் கழித்து இப்போது எழுதுகிறேன்.

கோபாலின் பேரில் இந்தப் பழி புதிதல்ல. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற பெரிய மேதை 1975-லேயே கோபால் கற்றவன் சிந்தனை கெட்டுப்போகும் என்ற பொருளில் எழுதினார். மேதைகள் சொல்லிவிட்டுப் போவார்கள். அதை வைத்துக்கொண்டு 25 வயதுப் பையன்கள் 46 வயதுக்காரனைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதுதான் தாங்காது.

சரி, கை ஏன் ஓடவில்லை? இலக்கணம் கஷ்டமில்லை. பத்து மொழி பார்த்தவனுக்குப் பதினொன்றாவது மொழியின் இலக்கணம் இரண்டு வாரம். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. கோபால் எழுதுகிறவன் புரோகிராமை மலை உச்சியில் நின்று பார்க்கிறான். டேட்டா டிவிஷனில் எல்லாத் தகவலும் விரித்துக் கிடக்கும். புரொசீஜர் டிவிஷனில் எது முதலில், எது அடுத்து என்று அவனே தீர்மானிப்பான். எல்லாம் தெரியும், எல்லாவற்றையும் தொடலாம். ஆப்ஜெக்ட் முறை அந்த உச்சியிலிருந்து இறங்கச் சொல்கிறது. உனக்குப் பக்கத்தில் இருப்பவனை மட்டும் தெரிந்துகொள், அவனிடம் கேள், அவன் எப்படிச் செய்கிறான் என்பது உன் கவலை இல்லை என்கிறது. அனுபவம் கூடக்கூட இறங்குவது கஷ்டம். உச்சியில் நின்று பழகியவனுக்குத்தானே இறங்கப் பயம்? புதுப் பையன் மலை ஏறியதே இல்லை, அவனுக்கு என்ன?

இதை நானாகச் சொல்லவில்லை. கென்ட் பெக், வார்ட் கன்னிங்ஹாம் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1989-ல் ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். மொத்தக் கட்டுப்பாடும் தன் கையில் இருக்கும் பழக்கத்தை விட வைப்பதுதான் இதைச் சொல்லிக்கொடுப்பதில் பெரிய கஷ்டம் என்பது அவர்கள் அனுபவம். அதற்கு அவர்கள் கண்ட மருந்து கம்ப்யூட்டரே இல்லை. 4-க்கு 6 அங்குல அட்டை. அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு இந்த முடிச்சு அவிழ்ந்தது அப்பாவால். அவர் அப்போது உயிரோடு இல்லை. ஒருநாள் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தபோது அவருடைய வேலை நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் அவர் அறையில் உட்கார்ந்து பிளாக் கருவியின் மணியைக் கேட்டிருக்கிறேன். ஜோலார்பேட்டையிலிருந்து வாணியம்பாடிப் பக்கம் ஒரு வண்டியை விட வேண்டுமென்றால் கேத்தாண்டப்பட்டியிடம் லைன் கிளியர் கேட்க வேண்டும். பெங்களூர்ப் பக்கம் என்றால் சோமநாயக்கன்பட்டி. சேலம் பக்கம் என்றால் திருப்பத்தூர். அந்த ஸ்டேஷனில் எந்தத் தண்டவாளத்தில் என்ன நிற்கிறது என்று அப்பாவுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. கேட்பார், பதில் வரும், சிக்னல் இறங்கும். கண்ட்ரோல் அறையில் மொத்தப் பகுதியையும் பார்க்கிறவர் ஒருவர் இருப்பார். எந்த வண்டி முதலில் என்று அவர் சொல்வார். ஆனால் அவர் என்ன சொன்னாலும் அடுத்த ஸ்டேஷன் லைன் கிளியர் கொடுக்காமல் வண்டி நகராது. தன் யார்டுக்குத் தானே பொறுப்பு. அடுத்தவன் யார்டில் இவர் கை வைக்க முடியாது, இவர் யார்டில் அடுத்தவன் கை வைக்க முடியாது.

ஆப்ஜெக்ட் என்பது இதுதானே! ஆலன் கே, ஸ்மால்டாக் மொழியை உருவாக்கியவர், பின்னாளில் 'ஆப்ஜெக்ட்' என்று பெயர் வைத்ததற்கே வருத்தப்பட்டார். பொருளைப் பார்க்காதீர்கள், பொருள்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்தியைப் பாருங்கள் என்பது அவர் வாதம். விலங்கு, நாய், பூனை என்று வம்சாவளி எழுதித் தொடங்குகிற வாத்தியார் முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டு வால் பக்கத்தைப் பிடிக்கிறார்.

இந்த வம்சாவளி யோசனை பிறந்த கதையும் வேடிக்கையானது. நார்வேயில் டால், நிகார்ட் இருவரும் சிமுலா 67 மொழியை உருவாக்கும்போது ஒரு பாலத்துச் சுங்கச்சாவடியில் லாரிகளும் பஸ்களும் வரிசையில் நிற்பதை யோசித்தார்கள். இரண்டும் வரிசையில் நிற்கும் வண்டி, ஆனால் வேறு வேறு வண்டி. அங்கேதான் ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்றை வருவிக்கும் எண்ணம் வந்தது. நம் பள்ளிகொண்டா டோல்கேட்டில் மணிக்கணக்கில் நின்றவர்கள் யாரும் எதையும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு விஷயம். ஆப்ஜெக்ட் எதற்கு என்பது பழைய ஆளுக்குத்தான் நன்றாகப் புரியும், ஏனென்றால் அது இல்லாததால் பட்டவன் அவன். எங்கள் கதையைக் கேளுங்கள். 2001 ஜூன் முதல் தேதி பி.எஃப். சம்பள உச்சவரம்பு 5,000-லிருந்து 6,500 ஆனது. முதலாளி கட்டுவதில் பென்ஷனுக்குப் போகும் 8.33 சதவீதத்தை அந்த உச்சவரம்பு வரைதான் கணக்கிட வேண்டும். 6,000 சம்பளம் வாங்கும் சூப்பர்வைசருக்கு மாதம் 417 போய்க்கொண்டிருந்தது, இனி 500 போக வேண்டும். எங்கள் புரோகிராம்களில் 5,000 என்ற எண் பதினான்கு இடத்தில் இருந்தது. பதிமூன்றை மாற்றினோம். விட்டுப்போனது வருடாந்திர 3ஏ படிவம் அச்சிடும் புரோகிராம். மாதச் சலானில் 500, படிவத்தில் 417. வருட முடிவில் கணக்கு உதைத்தது. இரண்டு ராத்திரி வீட்டுக்குப் போகவில்லை.

"எண்ணை காப்பிபுக்கில் போட்டிருக்க வேண்டியதுதானே?" என்று கோபால்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. போட்டிருந்தால் எண் ஓர் இடத்தில் இருந்திருக்கும். ஆனால் விதி? சம்பளம் உச்சவரம்பைத் தாண்டினால் இப்படி, தாண்டாவிட்டால் அப்படி, ரூபாய்க்கு முழுதாக்க வேண்டும் என்ற விதி பதினான்கு இடத்திலும் ஒரு 'இஃப்' ஆக உட்கார்ந்திருந்தது. ஒவ்வொன்றையும் வெவ்வேறு ஆள் வெவ்வேறு வருடத்தில் எழுதியது. எண்ணும் விதியும் ஒரே ஆளிடம் இருந்து, மற்ற பதினான்கு பேரும் அவரிடம் "இந்தச் சம்பளத்துக்குப் பென்ஷன் எவ்வளவு?" என்று கேட்டிருந்தால் அந்த இரண்டு ராத்திரி நான் வீட்டில் தூங்கியிருப்பேன். 2014 செப்டம்பரில் உச்சவரம்பு 15,000 ஆனபோது அப்படித்தான் நடந்தது. ஜாவாவில் ஓர் இடத்தில் மாற்றினேன். டீ குடிக்கப் போய்விட்டேன்.

இதை முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்தால் நாயும் பூனையும் தேவைப்பட்டிருக்காது.

வம்சாவளியை நம்பி நான் மோசம்போன கதையும் உண்டு. தொழிலாளி என்று ஒரு கிளாஸ். அதிலிருந்து மாதச் சம்பளத் தொழிலாளி, பீஸ் ரேட் தொழிலாளி என்று இரண்டு வாரிசு. பார்க்க அழகாக இருந்தது, பாடத்தில் சொன்ன மாதிரியே இருந்தது. மூன்றாவது மாதம் பீஸ் ரேட்டில் மேல்தோல் தைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவுக்கு மாதச் சம்பளத்தில் சூப்பர்வைசர் வேலை கொடுத்தார்கள். பூனையாகப் பிறந்த ஆப்ஜெக்ட் நாயாக மாற முடியாது. அந்த அம்மாவைக் கம்ப்யூட்டரில் ராஜினாமா செய்யவைத்து, புது ஆளாகச் சேர்த்தேன். அவருடைய சர்வீஸ் வருடங்கள் காணாமல் போயின. கிராஜுவிட்டி பட்டியலில் பெயர் இல்லை என்று அவரே வந்து நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. தப்பு முழுக்க என்னுடையது. ஆள் வேறு, ஆளுக்குச் சம்பளம் கணக்கிடும் முறை வேறு. தொழிலாளியிடம் ஒரு சம்பள முறை இருக்கிறது, அது மாறலாம், ஆள் மாறுவதில்லை. 1994-ல் நான்கு பேர் சேர்ந்து எழுதிய 'டிசைன் பேட்டர்ன்ஸ்' புத்தகம் இதைத்தான் வலியுறுத்துகிறது, வாரிசு உறவைவிடச் சேர்த்துக்கொள்ளும் உறவு மேல் என்று. புத்தகம் எனக்குப் பிற்பாடுதான் கிடைத்தது. அந்த அம்மாவின் சர்வீஸைச் சரிசெய்து கொடுத்துவிட்டேன், அது வேறு.

ஆப்ஜெக்ட் என்ற சொல்லே இல்லாமல் இப்படி யோசித்தவர்களும் நம் நாட்டில் இருந்தார்கள். ரயில்வே முன்பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று ஐந்து இடத்தில் தனித்தனிக் கம்ப்யூட்டர். கிரிஸ் அமைப்பின் கன்சர்ட் மென்பொருள் 1994-ல் செகந்திராபாத்தில் தொடங்கி, 1999 ஏப்ரலில் ஐந்தும் இணைந்தன. ஜோலார்பேட்டை கவுண்டரில் இருக்கிறவர் டெல்லியில் புறப்படும் வண்டியின் பெர்த் பட்டியலை நேரே திறந்து எழுதுவதில்லை. அந்த வண்டி எந்த இடத்துப் பொறுப்போ அந்த இடத்தைக் கேட்கிறது கம்ப்யூட்டர், பதில் வருகிறது. லைன் கிளியர்தான்!

மருமகனிடம், அதாவது அக்கா மகனிடம், இன்னொன்றும் சொன்னேன். நீ பயப்படுகிற அந்த ஜாவா ஆபீஸ்களில் பாதி, கோபால்தான் எழுதுகிறது. தகவலை மட்டும் வைத்துக்கொண்டு வாயில்லாமல் நிற்கும் கிளாஸ்கள் ஒரு பக்கம். 'சர்வீஸ்' என்று பெயர் வைத்து எல்லா வேலையையும் செய்யும் கிளாஸ்கள் இன்னொரு பக்கம். டேட்டா டிவிஷன், புரொசீஜர் டிவிஷன் என்று பெயர் போடாததுதான் பாக்கி. மார்ட்டின் ஃபவ்லர் 2003-லேயே இதைச் சோகை பிடித்த வடிவம் என்று சொல்லிவிட்டார். அதனால் தாழ்வு மனப்பான்மை வேண்டாம். அதே சமயம், ராத்திரி பத்து லட்சம் ரெக்கார்டை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்து எழுதுகிற வேலைக்கு உன் பழைய வழியே நல்ல வழி, அதை விட்டுக்கொடுக்காதே என்றும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை திண்ணையில் உட்கார்ந்தோம். ஷூ டப்பா மூடியை அட்டைகளாக வெட்டினேன், எங்கள் வீட்டில் ஆம்பூர் ஷூ டப்பாவுக்குப் பஞ்சமில்லை. பெக், கன்னிங்ஹாம் சொன்னபடி மேலே பெயர், இடப்பக்கம் அதன் பொறுப்பு, வலப்பக்கம் அது யாரிடம் உதவி கேட்கும். அவன் இருபது வருடம் பார்த்தது இன்ஷூரன்ஸ், அதையே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவன் எழுதிய முதல் அட்டை என்ன தெரியுமா? 'மெயின் கண்ட்ரோல்'. பொறுப்பு: எல்லாம். நான் அதை வாங்கிக் காபி டம்ளருக்கு அடியில் வைத்தேன்.

பிறகு பாலிசி, ரசீது, கிளெய்ம், நாமினி என்று எழுதினான். அட்டைகளை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து நடித்துப் பார்க்க வேண்டும், அதுதான் முறை. கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி கையில் பாலிசி அட்டை. அவன் கிளெய்ம். "அத்தை, நீங்க நடப்புல இருக்கீங்களா, லேப்ஸ் ஆயிட்டீங்களா?" என்று கேட்டான். "எனக்கென்னப்பா தெரியும், கடைசியா எப்ப கட்டினாங்கன்னு ரசீதைக் கேட்டாத்தானே தெரியும்" என்றாள். அவளுக்கு ஒரு வரி ஜாவா தெரியாது. இவன் அட்டையை எடுத்து வலப்பக்கம் 'ரசீது' என்று எழுதினான். அதற்குப் பிறகு சாப்பிடக்கூட எழவில்லை. மாலைக்குள் 17 அட்டை.

கம்பெனிகளுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். பழைய ஆளை உட்காரவைத்து ஆன்லைனில் நாய் பூனை காட்டாதீர்கள். அவன் இருபது வருடம் கட்டிக் காத்த அதே சிஸ்டத்தில் ஒரு மூலையை எடுத்துக்கொடுத்து, இதைப் புது முறையில் எழுது என்று சொல்லுங்கள். பக்கத்தில் மொழி தெரிந்த ஒரு பையனை உட்காரவையுங்கள். பையன் இவனுக்கு ஜாவா சொல்லித்தருவான், இவன் பையனுக்குக் கிளெய்ம் என்றால் என்ன என்று சொல்லித்தருவான். எங்கள் கம்பெனி அப்படிச் செய்திருந்தால் அந்த ஜெராக்ஸ் கடை திருப்பத்தூரில் இருந்திருக்காது. அவருக்குப் பதிலாக வந்த மூன்று பேர் சேர்ந்தும் தோல் இருப்புக் கணக்கைச் சரியாகக் கொண்டுவர ஒன்றரை வருடம் ஆயிற்று. ஊறவைத்த தோல் பதனிட்டு முடியும்போது பரப்பு மாறும் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

திங்கள் விடியற்காலை அதே ஏலகிரி எக்ஸ்பிரஸில் கிளம்பினான். ஸ்டேஷன்வரை கூடப் போனேன். அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருந்தான்.

நேற்று ராத்திரி போன் செய்தான். "மாமா, கிரேஸ் பீரியடைப் பாலிசி அட்டையில வெச்சது தப்பு. மாசாமாசம் கட்றவனுக்குப் பதினஞ்சு நாள், வருஷத்துக்கு ஒருதரம் கட்றவனுக்கு முப்பது நாள். நடுவுல கட்ற முறையை மாத்திக்கிட்டா பாலிசியை அழிச்சிட்டு வேற போட முடியுமா? கட்டும் முறைன்னு தனியா ஒரு அட்டை போட்டுட்டேன்."

சூப்பர்வைசர் ஆன அந்த அம்மாவின் கதையை நான் அவனிடம் சொல்லவே இல்லை. டெஸ்ட் அடுத்த மாதம் 20-ந் தேதி. முடிவு தெரிந்ததும் இங்கே எழுதுகிறேன்.